முப்பத்தெட்டு பைட்

என் அப்பாவிடம் எதையும் இரண்டு தடவை கேட்க வேண்டும். முதல் தடவை கேட்டால் கிடைப்பது பதில் இல்லை, வெறும் வாய்ப்பழக்கம். இதை எனக்குச் சொல்லித் தந்தது அம்மா. சொன்னபடி நானும் ஒழுங்காகத்தான் செய்துகொண்டிருந்தேன், நான்கே நான்கு நாட்களைத் தவிர. ஐந்தாம் நாள் காலையில் அப்பா இல்லை.

அப்பா ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டராக இருந்தவர். மெஷினின் வயிற்றுக்குள் கையை விட்டே பாதி ஆயுள் போயிற்று. அடிக்கடி கையில் வெட்டுப்படும். துணியைச் சுற்றிக்கொண்டு, சட்டைக் கையை இழுத்து மறைத்துக்கொண்டு வீட்டுக்கு வருவார். அம்மா வாசலிலேயே, "என்னாச்சு?" என்பாள். "ஒண்ணுமில்ல," என்பார். அம்மா அதற்குமேல் மல்லுக்கு நிற்க மாட்டாள். காபி போட்டுக் கொடுப்பாள். மில்லில் யாருக்குக் கல்யாணம், யார் வீட்டில் விசேஷம் என்று ஊர்க்கதை கேட்பாள். டம்ளர் பாதி காலியானதும், "சரி, இப்பச் சொல்லுங்க. என்னாச்சு?" என்பாள். "நாலு தையல் போட்டுருக்கு," என்பார் அப்பா, ஏதோ பக்கத்து வீட்டுக்காரர் கையைப் பற்றிச் சொல்வதுபோல.

நான் கல்லூரிக்குப் போகும் வயதில் ஒரு நாள் கேட்டேன், எதற்கு இந்த நாடகம், முதலிலேயே விடாப்பிடியாகக் கேட்டுவிட வேண்டியதுதானே என்று. அம்மா சிரித்தாள்.

"மொதத் தடவ அவிய வாய்தாம்ல பேசும். அது நேத்து சொன்னதையேதான் இன்னைக்கும் சொல்லும். செத்த நேரம் விட்டுப் பொறவு கேட்டாத்தான் மனுசன் பேசுவாக. ஒரே மூச்சுல ரெண்டு தடவ கேட்டியோ, கோவந்தான் வரும்."

அம்மா போய் மூன்று வருடமாகிறது. அவளுடைய பிறந்த வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. மில்லை விட்டு வந்ததிலிருந்து இருவரும் அங்கேதான் இருந்தார்கள். அம்மாவுக்குப் பிறகு, ராஜபாளையத்தில் எங்களோடு வந்து இருங்கள் என்று நானும் என் மனைவியும் கூப்பிட்டுப் பார்த்தோம். "எனக்கென்னலே கொற இங்க?" என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். அதையும் நான் இரண்டாம் தடவை கேட்டிருக்க வேண்டுமோ என்னவோ. பஸ் ஏறினால் அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத் தூரத்தில் இருந்துகொண்டு நான் பெரும்பாலும் போனில்தான் மகனாக இருந்தேன்.

என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் மற்றது புரியாது. மனிதர்கள் எழுதுகிற புரோகிராமை, சிப்புக்குப் புரிகிற கட்டளைகளாக மாற்றிக் கொடுப்பதற்கு ஒரு மென்பொருள் வேண்டும். அதற்குக் கம்பைலர் என்று பெயர். நான் ஒரு கம்பைலரின் கடைசி அறையில் வேலை செய்கிறவன். கட்டளைகள் எழுதி முடிக்கப்பட்டு வெளியே போவதற்கு முன்னால், அவற்றில் வேண்டாதது ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து எடுப்பது என் பாடு. ஒரு எண்ணை நினைவகத்தில் வைத்துவிட்டு அடுத்த நிமிடமே அதைத் திரும்ப எடுக்கும், எதற்கு? எடு அதை. ஒரு இடத்துக்குத் தாவி, அங்கிருந்து உடனே இன்னொரு இடத்துக்குத் தாவும், எதற்கு? நேராகப் போ. இப்படித்தான். எங்கள் கம்பெனியின் கம்பைலர் சின்னச் சின்னச் சிப்புகளுக்கானது. கைநகம் அளவுகூட இருக்காது. நினைவகமும் அதற்குத் தக்கபடிதான். அதில் இரண்டு பைட் மிச்சம் பிடித்தால் எனக்கு அன்றைக்குப் பொங்கல்.

பெங்களூரில் பத்து வருடம் இதைச் செய்துவிட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று ஆனதும் ஊரோடு வந்துவிட்டேன். மாடி அறையில் மேஜை. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். மலையைப் பார்த்து வேலை செய்வேன் என்று நண்பர்களிடம் பீற்றிக்கொண்டதுதான் மிச்சம். ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் உட்காருவேன், வெளிச்சம் திரையில் அடிக்கிறதென்று.

அப்பாவுக்கு என் வேலை நன்றாகவே புரிந்தது. மெஷினைப் பிரித்துப் பூட்டினவருக்கு இதென்ன பெரிய சங்கதி! "அப்ப ஒட்டடை அடிக்கிற வேலைன்னு சொல்லு," என்றார். அதிலிருந்து தினமும் காலையில் போன் பேசும்போது அதுதான் முதல் கேள்வி.

"ஏலே, நேத்து எம்புட்டு ஒட்டடை அடிச்ச?"

"ரெண்டு பைட்டுப்பா."

"ரெண்டா? ரெண்டுக்கா ஒரு நாள் பூரா ஒக்காந்திருந்த? எங்க மில்லா இருந்தா ஒன்னய வீட்டுக்கு அனுப்பிருப்பான்."

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அப்பாவிடம் மட்டும் வராது. அவர் அப்படிக் கேட்காத அன்றைக்குத்தான் என்னவோபோல் இருக்கும்.

பிறகு என் கேள்வி. "உடம்பு எப்படிப்பா இருக்கு?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன்."

இது முதல் தடவை. இதைக் காதில் வாங்கிக் கீழே போட்டுவிட வேண்டும். பிறகு ஊர்ச்செய்தி. வத்திராயிருப்புப் பக்கம் மழை இறங்கியதா, குழாயில் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருக்கால் வருகிறது, அப்பாவைப் பெரியப்பா என்று கூப்பிடும் பக்கத்து வீட்டு அக்கா என்ன கொண்டுவந்து கொடுத்தார். எல்லாம் பேசி முடித்து, வைக்கப்போகிற நேரத்தில் கேட்க வேண்டும். "சரிப்பா, இப்பச் சொல்லுங்க. உடம்பு எப்படி இருக்கு?" அதற்குப் பிறகுதான் வரும். முழங்கால் குடைகிறது. நேற்று மத்தியானம் தலை சுற்றியது. கண்ணில் என்னவோ பூச்சி பறக்கிறது. இப்படித்தான் சர்க்கரையைக் கண்டுபிடித்தோம். இப்படித்தான் கண் ஆபரேஷன் நடந்தது. அம்மா விட்டுப்போன வித்தை மூன்று வருடம் தவறாமல் வேலை செய்தது.

அந்த வாரத்துக்கு வருகிறேன். கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு சின்னக் கம்பெனி, சாயப்பட்டறைகளுக்கு ஒரு பெட்டி செய்து கொடுக்கிறார்கள். சாயத் தொட்டியில் தண்ணீர் எவ்வளவு சூடு என்று பார்த்து, கூட்டவோ குறைக்கவோ செய்கிற பெட்டி. அதற்குள் இருக்கும் சிப்பில் அவர்களுடைய புரோகிராம் உட்காரவில்லை. முப்பத்தொரு பைட் அதிகம். பெட்டியெல்லாம் செய்தாகிவிட்டது, சிப்பை மாற்ற முடியாது. சனிக்கிழமைக்குள் உங்கள் கம்பைலர்தான் குறைத்துக் கொடுக்க வேண்டும் என்றார்கள். கல்யாண மண்டபத்தில் பந்தி போட்ட பிறகு இலை பற்றவில்லை என்று சமையற்காரனைப் பிடிப்பதுபோல என்னைப் பிடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை ஆரம்பித்தேன். தலைக்குமேல் வேலை. அன்று காலை போனில், "உடம்பு எப்படிப்பா?" என்றேன். "கல்லு மாதிரி இருக்கேன்," என்றார். "சரிப்பா, வைக்கேன், வேலை கெடக்கு," என்று வைத்துவிட்டேன். புதனும் அப்படியே. வைத்த பிறகு ஞாபகம் வந்தது, இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை என்று. நாளைக்குக் கேட்டால் போயிற்று என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைக்க என்ன இருக்கிறது.

புதன் மத்தியானம் வழி கிடைத்தது. கட்டளைகளைப் படித்துக்கொண்டே போகும்போது பல இடங்களில் ஒன்றைக் கவனித்தேன். ஒரு எண்ணை எடுத்து ஓரிடத்தில் வைக்கிறது. அதை வைத்து எந்தக் கணக்கும் போடவில்லை. அதற்குள் இன்னொன்றை எடுத்து அதே இடத்தில், முதலாவதின் தலைமேலேயே வைக்கிறது. அப்படியானால் முதலில் எடுத்தது வீண்தானே? நீக்கு. ஓர் இடத்துக்கு இரண்டு பைட். அவர்கள் புரோகிராமில் பத்தொன்பது இடம். முப்பத்தெட்டு பைட்! நாற்காலியிலிருந்து எழுந்து மாடியில் நடந்தேன். வாயெல்லாம் பல்.

எங்கள் வழக்கம், ஒருவர் செய்ததை இன்னொருவர் படித்துப் பார்க்காமல் உள்ளே சேர்க்கக் கூடாது. படித்துப் பார்த்த சகா ஒரே ஒரு கேள்வி கேட்டான். சில இடங்களில் புரோகிராம் எழுதுகிறவர்கள் 'இதில் கை வைக்காதே' என்று ஒரு குறி போட்டிருப்பார்கள். சென்சார் போன்ற வெளிச்சாமான்களைப் படிக்கும் இடங்கள் அவை. "அந்தக் குறியைப் பார்த்துத்தானே நீக்குகிறாய்?" என்று கேட்டிருந்தான். "ஆமாம், பார்க்கிறது," என்று உடனே எழுதிவிட்டேன். திறந்து பார்க்கவில்லை. வாய்ப்பழக்கம். அப்பா பிள்ளை இல்லாமல் போவேனா? அவனும் மறுபடி கேட்கவில்லை.

வியாழக்கிழமை காலை அப்பாவிடம் போனில் கத்தினேன்.

"முப்பத்தெட்டுப்பா!"

"அடேயப்பா! முப்பத்தெட்டா? வீட்டையே பேத்து எடுத்துட்டியாலே?"

சிரித்தார். சிரிப்பின் நடுவே மூச்சு வாங்கியது. நான் கேட்டேன், இந்தக் காதால் கேட்டேன். சிரிப்பதால் வாங்குகிறது என்று விட்டுவிட்டேன். "உடம்பு எப்படிப்பா?" "எனக்கென்ன?" "சரிப்பா, வைக்கேன். டெஸ்ட் ஓடிட்டிருக்கு." வெள்ளிக்கிழமை ஒரு நிமிடம்கூட முழுதாகப் பேசவில்லை. அன்றைக்குத்தான் எல்லாவற்றையும் கோயம்புத்தூருக்கு அனுப்ப வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன் என்றேன். "வா, வா, மொத வேலையப் பாரு," என்றார்.

சனிக்கிழமை விடிந்ததும் பக்கத்து வீட்டு அக்காவின் போன். "தம்பி, ஒடனே வாங்க. பெரியப்பாவ ஆட்டோல ஏத்திட்டோம்." வண்டியை எடுத்துக்கொண்டு எப்படிப் போனேன் என்று தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் அக்கா நின்றிருந்தார். முகத்தைப் பார்த்ததும் கேட்க ஒன்றுமில்லை என்று தெரிந்துவிட்டது.

டாக்டர் வயதில் என்னைவிட இளையவர். "எத்தனை நாளா நெஞ்சுவலி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"வலி ஒண்ணும் இல்லைன்னுதான் சொன்னாங்க."

"ரெண்டு மூணு நாளாவது இருந்திருக்கணும். நீங்க கேக்கலையா?"

"கேட்டேன்," என்றேன். அது பொய்யில்லை.

அப்பாவின் சட்டைப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. வாயு மாத்திரை. கடைக்காரரிடம் தானே கேட்டு வாங்கியிருக்கிறார். பத்தில் எட்டு காலி. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்ததை வாயு என்று நினைத்து விரட்டிக்கொண்டிருந்திருக்கிறார், பாவி மனுஷன். வந்தவர்கள் எல்லாம் விதி என்றார்கள், படுத்துக் கிடக்காமல் போனார், கொடுத்து வைத்தவர் என்றார்கள். ஒரு சொந்தக்காரரிடம் நான் எரிந்து விழுந்துவிட்டேன். விதியாம் விதி! ஒரு கேள்வி கேட்டிருந்தால் வியாழக்கிழமையே தூக்கிக்கொண்டு போயிருப்பேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டார். அவரிடம் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

பதினாறாம் நாள் காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்றே கோயம்புத்தூரிலிருந்து அழைப்பு. அந்தப் பெட்டிக்குப் புரோகிராம் எழுதிய பெண். எனக்கு நேர்ந்தது அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அவ்வளவு சூடாகப் பேசியிருக்க மாட்டாள். சாயப்பட்டறையில் ஒரு லாட் துணி முழுக்கத் திட்டுத் திட்டாகச் சாயம் ஏறிவிட்டதாம். தொட்டியில் தண்ணீர் கொதிக்கிறது, பெட்டி மட்டும் எல்லாம் சரியாக இருக்கிறது என்றே காட்டிக்கொண்டிருந்திருக்கிறது.

"சார், அந்தச் சென்சார்ல மொதத் தடவ படிச்சா பழைய சூட்டத்தானுங்க சொல்லும். படிச்ச பொறகுதான் அது புதுசா அளந்து வைக்கும். ரெண்டாவது தடவ படிச்சாத்தான் நெசமான சூடு. அதுக்குத்தானுங்க ரெண்டு தடவ படிக்கச் சொல்லி எழுதியிருக்கோம். உங்க கம்பைலர் ஒரு தடவதான் படிக்குது. யாரக் கேட்டுங்க எங்க வரியத் தூக்குனீங்க?"

இருக்கீங்களா, இருக்கீங்களா என்று இரண்டு முறை கேட்டாள். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தேன்.

பார்த்தேன். நான் சேர்த்த பகுதியில் கட்டளைகள் இரண்டு வழியாக வந்து சேரும். ஒரு வழியில் 'கை வைக்காதே' குறியைப் பார்த்திருக்கிறேன். இன்னொரு வழியில் பார்க்கவில்லை. நீக்கிய பத்தொன்பது இடங்களில் பதினான்கு உண்மையிலேயே வீண். ஐந்து இடங்கள் சென்சாரைப் படிக்கிறவை. முதல் பதில் பழையது என்று தெரிந்த யாரோ ஒருத்தி, அதை வாங்கிக் கீழே போட்டுவிட்டு, மறுபடி கேட்பதற்காக எழுதிய ஐந்து இடங்கள். ஒரு பெரிய கெட்டிக்காரன் உட்கார்ந்து, எதற்கு இரண்டு தடவை என்று எடுத்துவிட்டான்.

மடிக்கணினியைத் தூக்கி ஜன்னல் வழியே எறிந்துவிடலாம் போல ஆத்திரம் வந்தது. யார்மேல் ஆத்திரப்பட? கீழே மனைவி தாளித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் அடங்கும்வரை அழுதேன். கம்பைலரில் செய்ததை வீட்டிலும் செய்தேனா, வீட்டில் செய்ததைக் கம்பைலரிலும் செய்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரே வாரம், ஒரே ஆள், ஒரே அவசரம். கம்பைலரில் செய்ததைத் திருத்தலாம். அதுதான் வித்தியாசம்.

திருத்தம் ஒரே வரி. இரண்டாம் வழியிலும் குறியைப் பார். அது மறுபடி உடையாமலிருக்க ஒரு சோதனையும் எழுதிச் சேர்த்தேன்: சென்சாரை இரண்டு முறை படிக்கிற நாலு வரிப் புரோகிராம், அந்த இரண்டும் நீக்கப்படாமல் வெளியே வருகிறதா என்று பார்க்கும். சகாவுக்கு அனுப்பும்போது, "இந்தத் தடவை என்னிடம் இரண்டு முறை கேள்," என்று எழுதினேன். அவன் வேடிக்கை என்று நினைத்து ஒரு சிரிப்புப் பொம்மையைப் போட்டான். பிறகு உண்மையிலேயே இரண்டு முறை கேட்டான். இரண்டு முறையும் திறந்து பார்த்துவிட்டுப் பதில் சொன்னேன்.

ஐந்து இடம் திரும்ப வந்ததால் பத்து பைட் கூடிவிட்டது. சிப்புக்குள் உட்கார இன்னும் மூன்று பைட் குறைய வேண்டும். அதற்கு இரண்டு வாரம் ஆயிற்று. ஒரு தாவலை நேராக்கியதில் இரண்டு. பூஜ்யத்தை எடுத்து வைக்க வேறொரு குட்டைக் கட்டளை இருந்தது, அதில் இரண்டு. உட்கார்ந்துவிட்டது, ஒரு பைட் மிச்சம். பொங்கலாக இருந்திருக்க வேண்டிய நாள். இரண்டு வாரத்துக்கு நாலு பைட்டா, எங்கள் மில்லாக இருந்தால் உன்னை வீட்டுக்கு அனுப்பியிருப்பான் என்று சொல்ல ஆள் இல்லை. கோயம்புத்தூர்ப் பெண் நன்றி சொல்லி எழுதியிருந்தாள். அவள் திட்டியதே நன்றாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். வீட்டைக் கூட்டிப் பூட்டிவிட்டுச் சாவி ஒன்றைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்து வைக்கலாம் என்று. அப்பாவின் நாற்காலி கதவோரத்தில் அப்படியே கிடந்தது. மேலே கொஞ்சம் ஒட்டடை. அடிக்கக் கம்பை எடுத்துவிட்டு, அடிக்காமலே வைத்துவிட்டேன்.

அக்கா சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். போகிறவர் நின்றார்.

"தம்பி, ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். அந்த வெள்ளிக்கெழம காலையில கீரக் கொழம்பு குடுக்க வந்தேன். ஒங்ககிட்டப் பேசி முடிச்சிட்டுப் போன மடியில வச்சிட்டு இந்த நாக்காலிலதான் ஒக்காந்திருந்தாக. பேசியாச்சுல்ல, எந்திரிச்சுச் சாப்பிடுங்க பெரியப்பான்னேன். இரு தாயி, அவன் இன்னொருக்கா கேப்பான், நாலு நாளா மறந்துட்டான், இன்னைக்குக் கூப்பிட்டுக் கேப்பான்னாக. செத்த நேரம் கழிச்சுக் கிண்ணம் எடுக்க வந்தேன். அப்பவும் போனையே பாத்துக்கிட்டு இருந்தாக."

நான் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"எனக்கு அதே நெனப்பா இருக்கு தம்பி. என்னத்தக் கேக்க இருந்தீய?"

"ஒண்ணுமில்லக்கா," என்றேன்.

"சரி தம்பி, பாத்துப் போயிட்டு வாங்க," என்று சொல்லிவிட்டு அக்கா உள்ளே போய்விட்டார்.